எப்ப ஆடுது?

ஐந்தாவது செமஸ்டர் முடிந்த லீவு. கூடங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மாமா காரை வாசலில் நிறுத்திவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் நேராக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, நீ மெக்கானிக்கல்தான படிக்க? மிதிச்சா வண்டி கிடந்து ஆடுது. என்னன்னு சொல்லு பாப்போம்."

எனக்கு ஒரே பெருமை. அப்போதுதான் டைனமிக்ஸ் பேப்பரை நல்லா எழுதிவிட்டு வந்திருந்தேன். "வீல் பேலன்ஸிங் போயிருக்கும் மாமா, செக் பண்ணிருங்க" என்றேன். போனிலிருந்து தலையை முழுசாக நிமிர்த்தக்கூட இல்லை.

அங்கே தொடங்கிய செலவு 13,400 ரூபாயில் போய் நின்றது. கார் மட்டும் ஆடுவதை நிறுத்தவில்லை. மாமாவிடம் மன்னிப்பு கேட்டாச்சு. ஆனால் இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை, நம்ம டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் இதைத்தான் செய்வோம் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். மாமாவுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். முன்சக்கர இழுவை வண்டி. வாடகைக்கு ஓட்டுகிறார். அணுமின் நிலையத்துக்கு வேலையாக வருகிறவர்களை நெல்லை ரயில்வே ஸ்டேஷனில் ஏற்றி இறக்குவது, சில நாள் திருவனந்தபுரம் ஏர்போர்ட் டிரிப், ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிக்கு டூரிஸ்ட். மாசா மாசம் டியூ கட்டணும். கார் ஆடினால் பின்னால் இருப்பவர் முகம் சுளிப்பார், அடுத்த தடவை வேறு டிரைவரைக் கூப்பிடுவார். நமக்கு அது வைப்ரேஷன் பிராப்ளம். அவருக்கு அது அந்த மாசத்து வருமானம்.

முதலில் நான் சொன்னபடி வீல் பேலன்ஸிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்தார். 1,100 ரூபாய். ஆட்டம் போகவில்லை. "டயர் தேஞ்சிருக்கு, அதனாலதான்" என்றார்கள். முன்பக்கம் இரண்டு டயர் மாற்றினார், 8,600. போகவில்லை. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் "எஞ்சின் மவுண்டிங் போயிருக்கும், மாத்திப் பாப்போம்" என்றார்கள். 3,700. லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது, இரண்டு நாளில் பழைய கதைதான். ஸ்கேனர் மாட்டியும் பார்த்தார்கள். ஒரு எரர் கோடும் வரவில்லை. "வண்டி சரியாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்று ஒருத்தர் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் யாரோ சொல்லி, வள்ளியூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். மாமா போனதும் பழைய பாட்டைப் பாடினார்: டயர் மாத்தியாச்சு, மவுண்டிங் மாத்தியாச்சு, இன்னும் ஆடுது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வண்டி ஆடுது ஆடுதுன்னு சொல்லுதீய. சரி, எப்ப ஆடுது?"

மாமா முழித்தார். நானும்தான். ஒரு மாசமாக அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. நின்னுகிட்டே ரேஸ் பண்ணினா ஆடுதா? ஓடும்போது மட்டுமா? மிதிக்கும்போது மட்டுமா, காலை எடுத்தாலும் ஆடுதா? ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா? கியர் மாத்தினா ஆட்டம் மாறுதா? எப்பயிருந்து? பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. நிற்கும்போது ஆடாது. முப்பதிலிருந்து அறுபதுக்குள் மிதித்து ஏற்றும்போது முன்பக்கம் முழுக்க இடமும் வலமுமாக உதறும். காலை எடுத்தால் அந்த நொடியே நின்றுவிடும். எந்த கியரில் இருந்தாலும் ஒரே மாதிரி.

"அப்ப டயரும் இல்ல, எஞ்சினும் இல்ல" என்றார். பிறகுதான் ஜாக்கியை எடுத்தார். வண்டியைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. கிரீஸ் வெளியே சிதறி, சுற்றியிருந்த இரும்பெல்லாம் கறுப்பாக அப்பியிருந்தது. உள்ளே விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். நறநறவென்று மணல். கடற்கரை ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டி.

அந்த வேலைக்கு மொத்தம் 4,200 ரூபாய். கிழிந்த அன்றைக்கே பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் போட்டு சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தெரியல

ரூமுக்கு வந்து யோசித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணாச்சி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இருக்கும் தியரி எனக்குத் தெரியும். எக்ஸாமில் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதியிருப்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்களேன்.

சாதாரணக் கார் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆக சக்கரம் நொடிக்குச் சுமார் 14 தடவை சுற்றும். பேலன்ஸ் இல்லாத சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை தள்ளும், நொடிக்கு 14 தள்ளு. அந்தத் தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது ரொட்டேட்டிங் மாஸ் பேலன்ஸிங்கில் படித்த முதல் சூத்திரம். அதனால்தான் பேலன்ஸிங் பிரச்சினை பெரும்பாலும் 80, 90-க்கு மேல் ஸ்டியரிங்கில் தெரியும். முக்கியமாக, நீங்கள் மிதித்தாலும் காலை எடுத்தாலும் சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே காலை எடுத்த நொடியே ஆட்டம் நின்றால் பேலன்ஸிங் மேல் பழி போட முடியாது. மாமா முதல் நாளே "மிதிச்சா ஆடுது" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பதில் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

எஞ்சின் என்றால் கணக்கு வேறு. நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரியும். 1800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 30 சுற்று. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் நொடிக்கு 15 தடவை ஒரு குறை விழும். இது எஞ்சின் வேகத்தோடு மாறும், ரோட்டு வேகத்தோடு அல்ல. அதனால்தான் "கியர் மாத்தினா மாறுதா" என்ற கேள்வி. அதே 40-இல் மூன்றாவது கியருக்குப் பதில் இரண்டாவது போட்டால் எஞ்சின் வேகம் ஏறும், சக்கர வேகம் ஏறாது. ஆட்டத்தின் துடிப்பு மாறினால் எஞ்சின் பக்கம் பார்க்கணும். மாறாவிட்டால் கியர் பாக்ஸுக்கு வெளியே, ஷாஃப்ட்டிலும் சக்கரத்திலும் பார்க்கணும்.

இப்போ அந்த உள்பக்க ஜாயின்ட். முன்சக்கர இழுவைக் காரில் பெரும்பாலும் அது டிரைபாட் வகை. மூன்று கால், ஒவ்வொரு காலிலும் ஒரு ரோலர், அந்த மூன்று ரோலரும் மூன்று பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் ஓடும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் மாறுவதைத் தாங்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு. ரோலரும் பள்ளமும் தேய்ந்துவிட்டால், டார்க் ஏறும்போது ரோலர் வழுக்கிப் போகாமல் சிக்கிச் சிக்கிப் போகும். மூன்று ரோலர் இருப்பதால் சுற்றுக்கு மூன்று தள்ளு. 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 6 சுற்று, ஆக 18 தள்ளு. டார்க் இல்லையென்றால் ரோலரை அழுத்த ஆளில்லை. காலை எடுத்தவுடன் ஆட்டம் நிற்பது அதனால்தான்.

மவுண்டிங் மாற்றியபோது ஏன் லேசாகக் குறைந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கு. மவுண்டிங் தளர்ந்தால் எஞ்சின் கீழே இறங்கும், ஷாஃப்ட்டின் கோணம் கூடும், ஜாயின்ட்டின் உதறலும் கூடும். புது மவுண்டிங் கோணத்தைக் கொஞ்சம் சரி பண்ணியது. நோயை விட்டுவிட்டு வீக்கத்தைக் குறைத்த மாதிரி.

இவ்வளவும் நம் சிலபஸில் இருப்பதுதான். யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு வெலாசிட்டி ரேஷியோ டெரைவ் பண்ணியிருக்கிறோம். ஒற்றை ஹூக்ஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வெளிவரும் வேகம் சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்தக் குறையைத் தாண்டத்தான் 1920-களில் ரெப்பா ஜாயின்ட் போன்றவை வந்தன. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்த பிறகு, முன்சக்கர இழுவை நம் தெருக்களில் சாதாரண விஷயமாகிவிட்டது. ஒவ்வொரு காரிலும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட், நான்கு பூட். நாம் எத்தனை பேர் ஒரு பூட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? ஆட்டோமொபைல் லேபில் இருப்பது பெயின்ட் அடித்த கட் செக்‌ஷன். அது ஆடாது, கிழியாது, கிரீஸ் சிந்தாது.

நம்மிடம் எப்போதும் கேட்கப்படுவது "இது கொடுக்கப்பட்டிருக்கு, இதைக் கண்டுபிடி" என்கிற மாதிரிக் கேள்வி. மாஸ் கொடுத்திருப்பார்கள், ரேடியஸ் கொடுத்திருப்பார்கள். மாமா வந்து நிற்கும்போது எதுவும் கொடுக்கப்படவில்லை. என்ன வேண்டும் என்று நாம்தான் கேட்டு வாங்கணும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே யூனிட்டில் இருந்து ஒரு பதிலை எடுத்து நீட்டிவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் எப்படிச் செய்தார்கள்

எங்கள் ஊரில் இருந்து நெல்லைக்குப் போகும்போது பணகுடிப் பக்கம் மேற்கே மகேந்திரகிரி தெரியும். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப் போட்டுச் சுட்டுப் பார்க்கும் இடம். நம்மில் சிலர் இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்காக அங்கே அனுமதி கேட்டு மெயில் போட்டிருக்கிறோம்.

2010 ஏப்ரல் 15-ஆம் தேதி, நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி டி3 கிளம்பியது. முதல் இரண்டு கட்டம் சரியாக வேலை செய்தன. மூன்றாவது கட்டத்தில், திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் டர்போ பம்ப் சுற்ற ஆரம்பித்து ஓரிரு நொடியில் நின்றுபோனது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

இப்போ யோசித்துப் பாருங்கள். பழுதான பாகம் கடலுக்குள். ஜாக்கி போட்டுத் தூக்கி டார்ச் அடிக்க வழியில்லை. கையில் இருப்பது டெலிமெட்ரி மட்டும்: எந்த மில்லிசெகண்டில் என்ன வேகம், என்ன அழுத்தம். அதாவது, "எப்ப நின்னுது?" என்ற கேள்விக்கான பதில்கள். அதை வைத்துக்கொண்டு, இருக்கக்கூடிய காரணங்களை இரண்டாகச் சுருக்கினார்கள். ஒன்று, சீல் இருக்கும் இடத்தில் ரோட்டர் பிடித்துக்கொண்டது. இன்னொன்று, டர்பைன் கேசிங் உடைந்தது. பிறகு பல தரைச் சோதனைகள். உயரத்தில் இருக்கும் வெற்றிடத்தில் எஞ்சின் சரியாகப் பற்றுகிறதா என்று பார்க்க மகேந்திரகிரியிலேயே ஏற்பாடு செய்து 2013-இல் சோதித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 19, அடுத்த ஏவுதலுக்கான கவுன்ட்டவுன். கிளம்ப ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் டேங்கில் கசிவு. நிறுத்தினார்கள். கசிந்த இடத்தை அடைத்துவிட்டு அனுப்பவில்லை. ஏன் கசிந்தது என்று பார்த்து, வேறு அலுமினியக் கலவையில் டேங்க் செய்து, அந்தக் கட்டத்தையே புதிதாக மாற்றினார்கள். 2014 ஜனவரி 5, ஜிஎஸ்எல்வி டி5 வெற்றிகரமாகப் போனது.

"அது ராக்கெட், இது வாடகைக் கார், எதுக்கு எதை ஒப்பிடற?" என்று கேட்பீர்கள். பணமும் வசதியும் வேறுதான். ஆனால் அண்ணாச்சி அன்றைக்குச் செய்தது அதே வரிசை. எப்போது என்று கேட்டார், காரணங்களைச் சுருக்கினார், சோதித்தார், கடைசியாகத்தான் ஸ்பேனரை எடுத்தார். அதற்கு அவருக்குச் செலவானது பத்து நிமிஷம்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்தில் ஆயிரம் மெகாவாட் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அந்த அளவு டர்பைன்களில் பேரிங்குகளின் அதிர்வை எந்நேரமும் அளந்துகொண்டே இருப்பார்கள். சுற்றுக்கு ஒரு தடவை வரும் அதிர்வா, இரண்டு தடவை வருவதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். சுற்றிலும் இருக்கும் காற்றாலைகளில் கியர் பாக்ஸுக்கும் இதே வைத்தியம். அவ்வளவும் நடக்கிற ஊரில், மாமாவின் காருக்குக் கிடைத்தது "மாத்திப் பாப்போம்."

"ஸ்கேனர் இருக்கே, இதெல்லாம் எதுக்கு?"

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டது இது. நியாயமான கேள்விதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு எல்லாக் காரிலும் சென்சார் நிறைய. பெட்ரோல் காரில் மிஸ்ஃபயர் ஆனால் பி0301 என்று கோடு வரும், முதல் சிலிண்டர் என்று அர்த்தம். ஆனால் ஏன் மிஸ் ஆகிறது என்று அது சொல்லாது. பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வில் கம்ப்ரஷன் போயிருக்கலாம். கோடைப் பார்த்தவுடன் காயில் வாங்கினால் நாமும் லாட்டரிதான் போடுகிறோம்.

பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை முதலில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை இப்படியே மாற்றிப் பாருங்கள். இதுவும் "மாத்திப் பாப்பது"தான். ஆனால் புதுசு வாங்காமல், ஒரு கேள்விக்குப் பதில் வருகிற மாதிரி மாற்றுவது.

டிரைபாட் ஜாயின்ட்டுக்கோ கிழிந்த பூட்டுக்கோ சென்சாரே கிடையாது. மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது அதனால்தான். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, அதனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

இன்னொரு அவசரத் தீர்ப்பு இப்போ ஃபேமிலி குரூப்புகளில் ஓடுகிறது. பெட்ரோல் கார் மிதிக்கும்போது ஜெர்க் அடித்தால் உடனே "எல்லாம் இந்த இ20 பண்ற வேலை." 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தினார்கள், 2025-க்குள் பங்க் எங்கும் அதுதான் என்றாகிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் பற்றி, மைலேஜ் பற்றி வரும் கவலைகளில் பேச வேண்டிய விஷயம் இருக்கு. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதும், டேங்கில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் அது எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும் என்பதும் கெமிஸ்ட்ரி. ஆனால் உங்கள் கார் ஜெர்க் அடிப்பது அதனாலா? மறுபடியும் அதே கேள்வி: எப்போ ஆரம்பித்தது? மழை நாளில் டேங்க் நிரப்பிய அன்றைக்கா, இல்லை ஆறு மாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகவா? முதலாவது என்றால் டேங்க் அடியில் இருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் தனியாக நிற்கும். இரண்டாவது என்றால் அரசைத் திட்டுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

உங்கள் வீட்டு வண்டி ஆடினால்

செமஸ்டர் லீவில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ வந்து கேட்பார்கள், அப்போது என்னை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டாம். முதல் வேலை, வீல் நட்டெல்லாம் இறுகியிருக்கா என்று பாருங்கள். சமீபத்தில் டயர் கழற்றி மாட்டிய வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். தளர்ந்த நட்டும் ஆட்டமாகத்தான் தெரியும், அது உயிர் விஷயம்.

பிறகு நிறுத்தி வைத்து நியூட்ரலில் ரேஸ் பண்ணுங்கள். நின்றுகொண்டே ஆடினால் எஞ்சின் அல்லது மவுண்டிங். முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் உதறி, முழுசாக விட்டதும் நின்றால் கிளட்ச். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க். 80-க்கு மேல், மிதித்தாலும் விட்டாலும் ஆடினால் டயரும் பேலன்ஸிங்கும். மிதிக்கும்போது மட்டும் ஆடி, கியர் மாற்றியும் மாறாமல், காலை எடுத்ததும் நின்றால் உள்பக்க ஜாயின்ட். வளைவில் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயின்ட். பெட்ரோல் வண்டியில் செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால், மிஸ்ஃபயர் மோசமாக இருக்கு என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். மிதிக்காமல் ஓரம் கட்டுங்கள்.

இது முதல் சல்லடைதான். இரண்டு கோளாறு சேர்ந்தும் இருக்கும். ஓட்டிப் பார்ப்பதை ஆளில்லாத நேரான ரோட்டில் செய்யுங்கள், பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் இல்லையென்றால் பார்க்கவே வேண்டாம். எழுதிய காகிதத்தோடு மெக்கானிக்கிடம் போனால் அவர் வேலையில் பாதி முடிந்திருக்கும்.

காசு யாருக்கு, எதுக்கு?

இதுவரை மெக்கானிக்குகளைக் குறை சொன்ன மாதிரி இருக்கலாம். அதில் ஒரு பகுதி நம் தப்பும்தான். அன்றைக்கு வேலை முடிந்து அண்ணாச்சி பில் சொன்னார்: ஜாயின்ட் இவ்வளவு, பூட்டும் கிரீஸும் இவ்வளவு, கழற்றி மாட்டினதுக்கு இவ்வளவு. கடைசியாக, "பாத்ததுக்கு 200."

மாமா சட்டென்று, "பாத்ததுக்கெல்லாம் காசா அண்ணாச்சி?" என்றார். கடுப்பில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். 8,600 ரூபாய்க்கு டயர் வாங்கும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் கையில் டயர் இருந்தது. பத்து நிமிஷம் யோசித்துச் சரியான இடத்தைக் காட்டியதற்கு 200 ரூபாய் அநியாயமாகத் தெரிந்தது.

அண்ணாச்சி சிரித்துவிட்டு, "வேண்டாம்னா விடுங்க" என்றார். மாமா கொடுத்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பாகத்துக்கு மட்டும்தான் காசு கொடுப்போம், யோசனைக்குக் கொடுக்க மாட்டோம் என்றால், ஒர்க்‌ஷாப்புகள் எதை விற்கும்? பாகத்தைத்தான். ஐந்து கேள்வி கேட்டு நேரம் செலவழிக்கிற மெக்கானிக் நஷ்டப்படுவார். "மாத்திப் பாப்போம்" சொல்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் பில் போடலாம், தப்பாகப் போனாலும்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? இன்னும் சில மாசத்தில் நாம் வெளியே போய் விற்கப்போவதும் அந்த யோசனையைத்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட்டையே ரெடிமேடாக வாங்குகிற கூட்டம் நம்மிடையே இருக்கு, எல்லாருக்கும் தெரியும். யோசிப்பதற்கு மதிப்பில்லை என்று நாமே முடிவு பண்ணிவிட்டால், நமக்கு யார் மதிப்புத் தருவார்கள்?

டிபார்ட்மென்ட்டிடம் ஒரு கோரிக்கை. லேபில் ஒரு பழைய ஓடுகிற வண்டி நிறுத்துங்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அதில் ஒரு கோளாறை வைக்கட்டும்: ஒரு காயிலின் கனெக்டரைக் கழற்றலாம், ஒரு சக்கரத்தில் எடையைக் கூட்டலாம். வைவாவில் "டிஃபைன் வைப்ரேஷன்" கேட்காமல், "இது ஆடுது, கண்டுபிடி, ஆனால் நீ கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். பதில் தப்பானாலும் கேள்விகளுக்கு மார்க் கொடுங்கள். செமஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு அண்ணாச்சியை கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிடுங்கள். ஷால் போடுவதோடு நிற்காமல், அவர் பார்த்ததுக்கும் காசு கொடுங்கள்.

ஜூனியர்களுக்கும் ஒன்று. நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். அண்ணாச்சி பேசினதில் பாதி வார்த்தை எனக்குப் புரியாமல் இரண்டாம் தடவை கேட்டேன். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஷெட்டில் போய் நிற்பதற்கு வெட்கப்படாதீர்கள். நான் முதலில் தயங்கித்தான் நின்றேன், அரை மணி நேரத்தில் டார்ச் பிடிக்கிற வேலை கிடைத்தது.

போன வாரம் மாமா போன் பண்ணினார். "ஏட்டி, பிரேக் புடிச்சா ஸ்டியரிங் லேசா ஆடுது. என்னவா இருக்கும்?"

டிஸ்க் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"எந்த ஸ்பீடுல மாமா? மெதுவாப் புடிச்சாலும் ஆடுதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இரு, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.